லாகின் திரையை எடுத்த பிறகு அதன் வேலைகளை யார் பார்ப்பது? அப்பாவின் லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

அப்பாவுக்குக் கைநடுக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. கீபோர்டில் ஒரு விசையைத் தொடப் போனால் பக்கத்து விசையும் சேர்ந்து அழுந்திவிடும். கடிதம் எழுதும்போது அது பெரிய தொல்லை இல்லை, தப்பு கண்ணுக்குத் தெரியும், அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். கடவுச்சொல் பெட்டியில் தெரிவதோ வெறும் புள்ளிகள். எந்த எழுத்து இரண்டு முறை விழுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "மறுபடியும் தப்புங்குதும்மா. நான் சரியாத்தான் அடிச்சேன்."

அந்த லேப்டாப்பில் அவருக்கு வேண்டியவை இரண்டுதான். காலையில் செய்தி படிக்க வேண்டும், மாலையில் எங்களோடு வீடியோவில் பேச வேண்டும். பொத்தானை அழுத்தினால் நேராக டெஸ்க்டாப் வந்து நிற்க வேண்டும், நடுவில் எதுவும் கேட்கக் கூடாது. இதற்கு ஆட்டோலாகின் என்று பெயர். இதைச் செய்ய ஒரே ஒரு வரி போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வேலை முடிய இரண்டு வார இறுதிகள் ஆயின. என்ன நடந்தது, எது ஏன் உடைந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். இதே வேலையை வீட்டில் யாருக்காவது செய்து தரப் போகிறவர்களுக்குப் பயன்படும்.

லேப்டாப் பழையது. இன்டெல் கிராஃபிக்ஸ், மறையாக்கச் சாவிகளைப் பாதுகாத்து வைக்கும் டிபிஎம் சில்லு கிடையாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் ஓடுகின்றன, லாகின் திரையைக் காட்டுவது லைட்டிஎம். இந்த வேலையைத் தொடங்கும் முன்பு பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, டெபியனைப் புதிதாக நிறுவினேன். பின்னால் வந்த இரண்டு சிக்கல்களுக்கு இந்த மாற்றம்தான் வேர்.

முதலில் தீர்மானித்தவை

ஆட்டோலாகின் வேறு, கடவுச்சொல்லே இல்லாத கணக்கு வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். பாஸ்வேர்டு கட்டளைக்கு மைனஸ் டி கொடுத்துக் கணக்கின் கடவுச்சொல்லையே அழித்துவிட்டால், கணினிக்குள் இருக்கும் எந்தக் கணக்கிலிருந்தும் அந்தப் பயனராக மாற வழி திறந்துவிடும். ஆட்டோலாகினில் கடவுச்சொல் அப்படியே இருக்கும். டிஸ்ப்ளே மேனேஜர், அதாவது லைட்டிஎம் மாதிரி லாகின் திரையைக் காட்டும் நிரல் மட்டும், அதுவும் கணினி எழும்போது மட்டும், அதைக் கேட்காமல் விடுகிறது. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து வருகிறவருக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கதவு திறக்கிறது.

அப்படி முன்னால் உட்காரக் கூடியவர்கள் யார் என்பதுதான் உண்மையான கேள்வி. அப்பாவின் லேப்டாப் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, அதில் வங்கிக் கணக்கு எதையும் திறப்பதும் இல்லை. ஆகவே ஒப்புக்கொண்டேன். ஆனால் அவருடைய கணக்கை, நிர்வாகி உரிமை தரும் சூடோ குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். பராமரிப்புக்கு எனக்கென்று தனிக் கணக்கு வைத்தேன், தொலைவிலிருந்து அதில் நுழைய எஸ்எஸ்ஹெச் சாவி வேண்டும், கடவுச்சொல்லால் அப்படி நுழைய முடியாது. ஆட்டோலாகின் கணக்கும், கடவுச்சொல் கேட்காத சூடோ உரிமையும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. சேர்ந்தால் பொத்தானை அழுத்தும் யாரும் அந்தக் கணினிக்கு முழு அதிகாரி ஆகிவிடுவார்.

டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்யவும் ஆசைதான். செய்தால் கணினி எழும்போதே நீளமான கடவுச்சொல் கேட்கும், எந்தத் தொல்லையிலிருந்து அவரை விடுவிக்க வந்தேனோ அதே தொல்லை ஒரு படி முன்னால் போய் நிற்கும். டிபிஎம் சில்லு இருந்திருந்தால், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் 248ஆம் பதிப்பிலிருந்து வருகிற கிரிப்ட்என்ரோல் கருவியால் சாவியை அந்தச் சில்லுக்குள் வைத்திருக்கலாம். இங்கே அது இல்லை. இதே லேப்டாப் பையில் போட்டு ஊர் சுற்றும் ஒன்றாக இருந்திருந்தால் நான் நேர்மாறாகத்தான் முடிவெடுத்திருப்பேன்: டிஸ்கைத் திறக்கக் கடவுச்சொல், அதற்குப் பிறகு ஆட்டோலாகின். ஒரே ஆள் பயன்படுத்தும் கணினியில் ஒரு பூட்டு போதும், அது டிஸ்கின் மேல் இருக்கட்டும்.

முதல் தவறு: வரி சரி, இடம் தப்பு

லைட்டிஎம்முக்குச் சொல்ல வேண்டியது ஆட்டோலாகின்-யூசர் என்ற வரி, அதற்கு எதிரே பயனர் பெயர். ஆட்டோலாகின்-யூசர்-டைம்அவுட் 0 என்று இன்னொரு வரி. ஈடிசி அடைவுக்குள் லைட்டிஎம் அடைவில் இருக்கும் லைட்டிஎம்.கான்ஃப் கோப்பின் கடைசியில், டெர்மினலிலிருந்தே எக்கோ கட்டளையால் இந்த இரண்டு வரிகளையும் ஒட்டினேன். ரீபூட் செய்தேன். லாகின் திரை பழையபடி வந்து நின்றது.

பெயரில் எழுத்துப்பிழையோ என்று பார்த்தேன், இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் கோப்பை மேலிருந்து கீழே முழுதாகப் படித்தேன். அந்தக் கோப்பு நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: முதலில் லைட்டிஎம், அடுத்து சீட், பிறகு எக்ஸ்டிஎம்சிபி சர்வர், கடைசியில் விஎன்சி சர்வர். ஒவ்வொன்றுக்கும் சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பு. ஒரு வரி எந்தத் தலைப்புக்குக் கீழே விழுகிறதோ அந்தப் பகுதிக்குத்தான் அது சொந்தம். கோப்பின் கடைசியில் ஒட்டிய என் வரிகள் விஎன்சி சர்வர் பகுதிக்குள் போய் உட்கார்ந்திருந்தன. அங்கே ஆட்டோலாகின்-யூசருக்குப் பொருளே இல்லை, லைட்டிஎம் பேசாமல் கடந்து போய்விட்டது. வரிகளை வெட்டி சீட் தலைப்புக்குக் கீழே வைத்தேன்.

லைட்டிஎம் கட்டளையை ஷோ-கான்ஃபிக் என்ற விருப்பத்தோடு இயக்கினால், எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வருகிறது, எந்தப் பகுதிக்குள் இருக்கிறது என்று அதுவே காட்டிவிடும். இப்போதெல்லாம் ரீபூட் செய்வதற்கு முன்பே அதை ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன்.

மற்ற டிஸ்ப்ளே மேனேஜர்களிலும் கதை இதுதான், பெயர்கள்தான் மாறும். ஜிடிஎம்மில் டீமன் பகுதிக்குள் ஆட்டோமேட்டிக்லாகின்எனேபிள், ஆட்டோமேட்டிக்லாகின் என்று இரண்டு வரிகள். எஸ்டிடிஎம்மில் ஆட்டோலாகின் என்றே ஒரு பகுதி உண்டு, அதில் யூசரும் செஷனும் சொல்ல வேண்டும். ஆர்ச் லினக்ஸில் லைட்டிஎம் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: பயனரை ஆட்டோலாகின் என்ற குழுவில் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் வரி சரியாக இருந்தும் வேலை நடக்காது.

திரும்பத் திரும்ப வந்த லாகின் திரை

வரி சரியான இடத்துக்குப் போன பிறகு ரீபூட் செய்தால், திரை ஒரு நொடி கறுத்தது. உடனே லாகின் திரை திரும்பியது. கடவுச்சொல்லை நானே சரியாக அடித்தேன். மறுபடி கறுப்பு, மறுபடி லாகின் திரை.

இந்தச் சுழலைப் பார்த்தவர்கள் பலரும் ஆட்டோலாகின் அமைப்பைத்தான் சந்தேகிப்பார்கள், நானும் முதலில் அதைத்தான் சந்தேகித்தேன். ஆனால் கடவுச்சொல் அடித்தாலும் இதே கதி என்றால், கோளாறு வாசலில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், என் கணக்கில் நுழைந்து அப்பாவின் ஹோம் அடைவைப் பட்டியலிட்டேன். உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் வரிக்கு வரி ரூட், ரூட் என்று நிர்வாகிக் கணக்கின் பெயரே இருந்தது.

பழைய டிஸ்கிலிருந்து அவருடைய கோப்புகளை சூடோ போட்டு நகலெடுத்தவள் நான்தான். சிபி கட்டளைக்கு மைனஸ் ஆர் மட்டும் கொடுத்தேன், மைனஸ் ஏ கொடுத்திருந்தால் உரிமை விவரமும் கூடவே வந்திருக்கும். அது இல்லாததால் நகலெடுத்த எல்லாமே ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டன. டெஸ்க்டாப் தொடங்கும்போது அப்பாவின் பெயரில் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பில் எழுத வேண்டும், கேஷ் அடைவில் எழுத வேண்டும். எதிலும் எழுத முடியாமல் செஷன், அதாவது அவருடைய டெஸ்க்டாப் அமர்வு, செத்தது. செஷன் முடிந்தால் லாகின் திரையைக் காட்டுவது லைட்டிஎம்மின் கடமை, அது தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. சிஹெச்ஓன் கட்டளையால் அடைவு முழுவதையும் அப்பாவின் பெயருக்கு மாற்றினேன். அடுத்த ரீபூட்டில் டெஸ்க்டாப் நேராக வந்தது.

டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் இதே சுழல் வரும், அமைப்பில் எழுதிய செஷன் பெயர் தப்பாக இருந்தாலும் செஷன் தொடங்காது. வார் லாக் அடைவுக்குள் லைட்டிஎம் வைத்திருக்கும் பதிவையும், ஹோம் அடைவில் உள்ள எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பையும் படிக்காமல் அமைப்புக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

டெஸ்க்டாப் வந்தது, கேள்விகள் நிற்கவில்லை

அன்றைக்கு மாலையே போன் வந்தது.

"என்னம்மா, பாஸ்வேர்டு கேக்காதுன்னு சொன்னே. இங்கே ஒரு சின்னப் பெட்டி வந்து கேக்குதே."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கப்பா."

"லாகின் கீரிங்னு இருக்கு. திறக்கலையாம்."

கணினியை அணைத்துவிடச் சொன்னேன். இந்த வேலையை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. லாகின் திரை என்றால் வாயிற்காவலர், அவரை அனுப்பிவிட்டால் வழி விடுவார் என்று எண்ணியிருந்தேன். கடவுச்சொல் கேட்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். கேட்டு வாங்கிய கடவுச்சொல்லை வைத்து அது இன்னும் என்னென்னவோ செய்து வந்திருக்கிறது. அதை எடுத்தால் அந்த வேலைகள் அந்தரத்தில் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் வேறொரு ஆளைப் பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது இது. லைட்டிஎம் தானாக யாரையும் உள்ளே விடுவதில்லை, பேம் என்ற அடுக்கிடம் கேட்கிறது. பேமுக்கு ஆள் யார் என்று சோதிக்கும் கட்டம் ஒன்று, செஷனைத் தொடங்கி வைக்கும் கட்டம் ஒன்று என்று தனித்தனியே உண்டு. வழக்கமான லாகினில் சோதனைக் கட்டத்தின்போது சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் சாவிக்கொத்தான க்னோம் கீரிங்கின் பேம் துணுக்கு, அடிக்கப்பட்ட கடவுச்சொல்லைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளும். செஷன் கட்டம் வந்ததும் அதே சொல்லால் அந்தச் சாவிக்கொத்தைத் திறந்துவிடும். ஆட்டோலாகினுக்கென்று இருக்கும் லைட்டிஎம்-ஆட்டோலாகின் பேம் கோப்பில் சோதனைக் கட்டம் பேம்-பெர்மிட் என்ற ஒரே சொல்லோடு முடிகிறது, அதாவது கேள்வியில்லாமல் சம்மதம். செஷன் கட்டம் அப்படியே இருக்கிறது. பேம்-சிஸ்டம்டி ஓடுகிறது, யார் உள்ளே இருக்கிறார் என்று கணக்கு வைக்கும் லாகின்டியிடம் பெயர் பதிவாகிறது, ரன் யூசர் அடைவு உருவாகிறது, ஒலியும் கேமராவும் கிடைக்கின்றன. சாவிக்கொத்துக்கு மட்டும் சாவி வரவில்லை. யாரும் எதையும் அடிக்கவில்லையே, எங்கிருந்து வரும்?

அதைக் கேட்டது யார் என்று பார்த்தால், வைஃபை. அப்பாவின் வைஃபை கடவுச்சொல் அவருடைய சாவிக்கொத்துக்குள் சேமிக்கப்பட்டிருந்தது. நெட்வொர்க்மேனேஜரின் இணைப்பு அமைப்பில் எல்லாப் பயனர்களும் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தை டிக் செய்ததும், அந்தக் கடவுச்சொல் ஈடிசி அடைவுக்குள் ரூட் மட்டுமே படிக்கக் கூடிய கோப்புக்கு இடம் மாறியது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. யாரும் உள்ளே நுழையும் முன்பே வைஃபை இணைந்துவிடும், லாகின் சிக்கிக்கொண்டாலும் நான் தொலைவிலிருந்து உள்ளே போகலாம்.

வைஃபை விலகியதும் அதே பெட்டியைக் குரோமியம் உலாவி கொண்டுவந்தது. தான் சேமிக்கும் கடவுச்சொற்களை மறையாக்கும் சாவியை அது அங்கேதான் வைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தன் கடவுச்சொற்களைத் தானே வைத்துக்கொள்வதால் இந்தப் பெட்டியைக் கொண்டுவராது, ஆனால் அப்பாவுக்குக் குரோமியம் பழகிவிட்டது. சீஹார்ஸ் செயலியைத் திறந்து சாவிக்கொத்தின் கடவுச்சொல்லை வெறுமையாக்கினேன். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பவை மறையாக்கம் இல்லாமல் டிஸ்கில் கிடக்கும், செயலியே அதை எச்சரிக்கிறது. உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, செய்தித் தளமும் வீடியோ கணக்கும் தவிர மீதியை அழித்த பிறகுதான் சம்மதம் கொடுத்தேன். மின்னஞ்சல் கடவுச்சொல்லும் வங்கியும் இருக்கும் கணினியில் இதைச் செய்யவே மாட்டேன். அங்கே நாளுக்கு ஒரு முறை அந்தப் பெட்டி கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

மூடித் திறந்தால் திரும்பி வந்தது

இரண்டாம் வாரம் வேறு புகார். காலையில் சரியாக வருகிறது, மதியம் சாப்பிட்டு எழுந்து வந்து மூடியைத் திறந்தால் மறுபடி கடவுச்சொல் கேட்கிறது.

ஆட்டோலாகினுக்கும் திரைப்பூட்டுக்கும் தொடர்பே இல்லை. முன்னது கணினி எழும்போது ஒரு முறை நடப்பது. பின்னது செஷனுக்குள் ஓடும் தனி நிரல். இந்த லேப்டாப்பில் அது லைட்-லாக்கர். அது தனக்கென்று பூட்டுத் திரை எதையும் வரைவதில்லை. பூட்ட வேண்டிய நேரத்தில் லைட்டிஎம்மை அழைத்து அதன் லாகின் திரையையே முன்னால் நிறுத்துகிறது. முன்கதவில் நான் எடுத்த அதே திரை பின்கதவால் வந்திருந்தது. பவர் மேனேஜரில் உறங்கும்போது திரையைப் பூட்டு என்பதை எடுத்துவிட்டு, லைட்-லாக்கரைத் தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலிலிருந்தும் நீக்கினேன். ஒன்றை மட்டும் செய்தால் போதாது, செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சில நாள் மட்டும் கறுப்புத் திரை

இந்த நிகழ்வில் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான், ஏனென்றால் தினமும் வரவில்லை. ஐந்தாறு முறைக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பாகவே நின்றுவிடும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அப்பா அதைச் சொல்லவே இல்லை. தன் கைதான் எதையோ தப்பாக அழுத்திவிட்டது என்று நினைத்து நான்கு நாள் அவரே அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். அதைக் கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் பழைய பூட்களின் பதிவை எடுத்து, நல்ல நாளையும் கறுப்பு நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். நல்ல நாளில் ஐ915 என்ற இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் தயாரான வரி முதலிலும், லைட்டிஎம் தொடங்கிய வரி அதற்குப் பிறகும் இருந்தன. கறுப்பு நாளில் வரிசை தலைகீழ். திரையில் எல்லாவற்றையும் வரையும் எக்ஸ் சர்வரை லைட்டிஎம் தொடங்கிய நேரத்தில் கிராஃபிக்ஸ் டிரைவர் இன்னும் எழவில்லை, எக்ஸ் சர்வருக்குத் திரை கிடைக்கவில்லை. பழைய ஹார்டு டிஸ்கின் வேகத்தில் டிரைவருக்கு எப்போதும் போதிய நேரம் இருந்தது. எஸ்எஸ்டி வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கி, சில நாள் லைட்டிஎம் முந்திக்கொண்டது.

இரண்டு பக்கமும் இறுக்கினேன். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவில் உள்ள மாட்யூல்ஸ் கோப்பில் ஐ915 என்று ஒரு வரி சேர்த்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினேன், டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே எழுந்துவிடும். லைட்டிஎம்மின் முதல் பகுதியில் லாகின்டி-செக்-கிராஃபிக்கல் என்ற விருப்பத்தை ட்ரூ ஆக்கினேன், திரை தயார் என்று லாகின்டி சொல்லும் வரை அது காத்திருக்கும். அதற்குப் பிறகு கறுப்புத் திரை வரவில்லை.

செய்யாமல் விட்ட வழி

டிஸ்ப்ளே மேனேஜரே வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு, அது நல்ல வழிதான். முதல் எழுத்துத் திரையில் லாகின் கேட்கும் கெட்டி சேவைக்கு சிஸ்டம்சிடிஎல் எடிட் கொண்டு ஒரு மேற்சேர்க்கை எழுத வேண்டும். அதில் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை முதலில் வெறுமையாக ஒரு முறை எழுதிவிட்டு, அடுத்த வரியில் அகெட்டியை ஆட்டோலாகின் விருப்பத்தோடு எழுத வேண்டும். வெறும் வரியை விட்டுவிட்டால் பழையதும் புதியதுமாக இரண்டு கட்டளைகள் சேர்ந்து, சிஸ்டம்டி அந்தச் சேவையையே ஏற்காது. பிறகு பேஷ்-ப்ரொஃபைல் கோப்பில், இது முதல் எழுத்துத் திரைதானா என்று பார்த்து, ஆம் என்றால் எக்ஸ் சர்வரையும் டெஸ்க்டாப்பையும் எழுப்பும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை ஓட்டச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எக்ஸெக் என்ற சொல் கட்டாயம் வேண்டும். அது இருந்தால் ஷெல்லின் இடத்தையே ஸ்டார்ட்எக்ஸ் எடுத்துக்கொள்ளும், டெஸ்க்டாப் செத்தால் செஷனும் முடிந்து கெட்டி மறுபடி தொடங்கும். இல்லாவிட்டால் டெஸ்க்டாப் செத்ததும் திறந்த ஷெல் ஒன்று திரையில் நிற்கும்.

ஒரே வேலைக்கென்று நிற்கும் திரைகளுக்கு, அறிவிப்புப் பலகை மாதிரியானவற்றுக்கு, நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், பாகங்கள் குறைவு. அப்பாவின் லேப்டாப்பில் விடுமுறைக்கு வரும் பேரனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லாக் அவுட் செய்தால் லைட்டிஎம்மின் திரை வந்து அவன் பெயரைக் காட்ட வேண்டும், அதற்காகவே அதை வைத்துக்கொண்டேன். கணினி எழும்போது முதலில் வரும் க்ரப் மெனுவையும் முழுதாக மறைக்கவில்லை, இரண்டு விநாடி நிற்கிறது. என்றாவது டெஸ்க்டாப் எழாமல் போனால், அங்கே இ விசையை அழுத்தி கெர்னல் வரியின் கடைசியில் மல்டி-யூசர் டார்கெட்டைச் சொன்னால் எழுத்துத் திரையோடு கணினி எழும். இதைத் தம்பிக்கு ஒரு முறை செய்து காட்டியிருக்கிறேன், அவன்தான் அப்பாவோடு இருக்கிறான்.

இப்போதைய நிலை

அணைத்துப் போட்டுப் பத்து முறை, மூடித் திறந்து மூன்று முறை, லாக் அவுட் ஒரு முறை என்று சோதித்தேன். எங்கும் கடவுச்சொல் கேட்கவில்லை, பேரனின் கணக்கைத் தவிர. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. டெஸ்க்டாப் வந்ததும் குரோமியம் தானாகத் திறக்கும்படி ஆட்டோஸ்டார்ட் அடைவில் வைத்திருந்தேன். சில நாள் அது வைஃபை இணைவதற்கு முன்பே திறந்து, இணையம் இல்லை என்ற பக்கத்தைக் காட்டியது. இப்போது சிறு ஸ்கிரிப்ட் ஒன்று முதலில் என்எம்-ஆன்லைன் கட்டளையை ஓட்டி, இணைப்பு வரும் வரை, அதிகபட்சம் 30 விநாடி, காத்திருந்துவிட்டுப் பிறகு குரோமியத்தைத் திறக்கிறது. ரவுட்டரே அணைந்திருந்தால் அந்த 30 விநாடிக்குப் பிறகு அதே பக்கம்தான் வரும். அப்போது எஃப்5 அழுத்த வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். அந்த விசையின் மேல் தம்பி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருக்கிறான், பக்கத்து விசை சேர்ந்து அழுந்தினாலும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.